நெஞ்சு நோவுக்குக் கைதட்டிய நாங்கள்

முந்தநாள் கிளிநொச்சியில் ஒரு அன்ரி எங்கள் முன்னால் இருந்து, தனக்கு நெஞ்சு நோகிறது என்றார்.

நாங்கள் கைதட்டினோம்.

(பொறுங்கோ. திட்டுவதற்கு முதல் முழுவதையும் வாசியுங்கோ.)

எனக்கு ஊர் முள்ளியவளை. ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. இனி ஏ.எல். வகுப்புக்குப் பயோவா கொமர்ஸா என்று அடுத்த கிழமை சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பயோ, பிறகு மருத்துவ பீடம், பிறகு வெள்ளைக் கோட்.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

அப்போதுதான், டொக்டராக விரும்பும் பிள்ளைகளுக்கு லீவில் ஒரு பயிற்சி முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த டொக்டர்மாரும் இங்கே வேலை செய்பவர்களும் சேர்ந்து நடத்தினார்கள். நான் வாய் திறப்பதற்கு முதல் அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பிறசர் பார்க்கப் பழக்கினார்கள். வாழைப்பழத் தோலில் தையல் போடப் பழக்கினார்கள். (என் வாழைப்பழத்துக்கு உயிர் இருந்திருந்தால் வழக்குப் போட்டிருக்கும்.)

முந்தநாள், நோயாளியிடம் எப்படிக் கதைப்பது என்ற வகுப்பு. அக்கம்பக்கத்து ஆட்களை அழைத்து, ஆளுக்கொரு நோய் சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்திருந்தார்கள்.

எங்கள் குழுவுக்கு வந்தவர் மல்லிகா அன்ரி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பக்கத்திலேயே கச்சான், அதுதான் நிலக்கடலைத் தோட்டம் செய்கிறார். அவருக்குக் கொடுத்த வருத்தம் தலையிடி.

அன்ரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தல வெடிக்குதே" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழுவே திரும்பிப் பார்த்தது. எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கேள்வி கேட்கும் முறை என்னுடையது.

"எப்ப துவங்கினது அன்ரி?"

"நேத்துல இருந்து புள்ள."

"சத்தி, வாந்தி ஏதும் வருதோ?"

"இல்ல."

"வேற ஏதும் செய்யுதோ?"

அன்ரி தலையிலிருந்து கையை எடுத்தார். குரலும் இறங்கிவிட்டது.

"கொஞ்ச தூரம் நடந்தா நெஞ்ச அமுக்குது. இந்தக் கையி வரைக்கும் இழுக்குது. இப்பவும் இருக்கு."

பக்கத்திலிருந்த பிள்ளை, "சூப்பர் அக்டிங் அன்ரி" என்று கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று நானும் தட்டினேன்.

அன்ரி மட்டும் சிரிக்கவில்லை.

நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "அன்ரி, நெஞ்சு நோவும் சொல்லித் தந்தவையோ?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார்.

"சும்மா சொன்னேன். நீ தலவலியக் கேளு."

இப்போது எது நடிப்பு? நெஞ்சு நோவா, 'சும்மா' என்றதா?

டொக்டரிடம் சொல்லி, அது நடிப்பு என்றால் மண்டபம் முழுக்கச் சிரிக்கும். சொல்லாமல் விட்டு, அது உண்மை என்றால்? அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. எழும்பிப் போய், எங்கள் குழுவைப் பார்த்துக்கொண்ட டொக்டர் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, அந்த அன்ரி நெஞ்சு நோகுது எண்டு சொன்னவா. பிறகு சும்மா எண்டுறா. எனக்கு விளங்கேல்லை."

"அவாக்குத் தலையிடி எல்லோ குடுத்தது?"

"ஓம்."

டொக்டர் அக்கா சிரிக்கவில்லை. வந்து அன்ரியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அன்ரி முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஓம் என்று ஆட்டினார். பிறகு அழத் தொடங்கினார்.

வகுப்பு அதோடு நின்றது. ஒரு குளிசையைச் சப்பக் கொடுத்துவிட்டு, வெளியே நின்ற வான் ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சற்று முன் கைதட்டிய நாங்கள் ஆளையாள் பார்க்காமல் நின்றோம்.

பின்னேரம் டொக்டர் அக்கா திரும்பி வந்தார். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பாம். பெரிதாக ஏதும் நடப்பதற்கு முதல் பிடித்துவிட்டார்களாம்.

"அவா நடிக்கேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது அக்கா?"

"தெரியேல்லை. அதாலதான் ஈ.சி.ஜி. எடுத்தனாங்கள்."

நேற்று அம்மாவோடு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். மல்லிகா அன்ரி கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"ஒன்ன யாரு போயிச் சொல்லச் சொன்னது? கச்சான் புடுங்கிற நேரத்துல என்னக் கொண்டாந்து படுக்க வச்சிட்டீங்க."

அம்மா கொண்டுவந்த தோடம்பழப் பையைக் கதிரையில் வைத்தார்.

அன்ரி என் கையைப் பிடித்தார். இன்னும் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கையை விடவும் இல்லை.

"வூட்டுல சொன்னா பயப்புடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல புள்ள. நீ கேட்டதும் வாயில வந்துடுச்சு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா பக்கத்து சீட் ஆளிடம் சொன்னார்: "இவ ஒரு உயிரைக் காப்பாத்தினவள். டொக்டராத்தான் வருவாள்."

நான் யாரையும் காப்பாற்றவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று போய்ச் சொன்னேன். அவ்வளவுதான்.

இரவு முழுக்க ஒரே யோசனை. அந்த அன்ரி 'சும்மா' என்றதும் நான் நம்பியிருந்தால்? இனி வாழ்க்கை முழுக்க ஒவ்வொருவர் சொல்வதையும் இப்படிப் பயந்து பயந்து கேட்க வேண்டுமா? அந்தப் பயத்தை நினைத்தால் கொமர்ஸ் நல்லது போல இருக்கிறது.

ஆனால் இன்று காலை எழும்பியதும் முதலில் வந்த நினைப்பு, அன்ரிக்கு இப்போது எப்படி இருக்கும் என்பதுதான்.

இதை வாசிக்கும் டொக்டர்மார், நேர்ஸ்மார் யாராவது உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கும் தொடக்கத்தில் இப்படிப் பயமாக இருந்ததா? அந்தப் பயம் 'இது உனக்குச் சரிவராது' என்று சொல்கிறதா, 'இதுதான் உன் வேலை' என்று சொல்கிறதா?

அம்மாவிடம் கேட்கச் சொல்லாதீர்கள். அவர் இப்போது முல்லைத்தீவுக் கடையில் என் வெள்ளைக் கோட்டுக்குத் துணி பார்த்துக்கொண்டு நிற்கிறார்.