நான் எழுதாமல் விட்ட வெள்ளிக்கிழமை

எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. பிறகு, அன்றுதான் தெரிந்தது என்று என் நோட்டில் எழுதினேன். இந்த மூன்று வாக்கியங்களையும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் விளங்காது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். பல வருடங்களாக ஒவ்வொரு நாளும் மூன்று விஷயங்கள் எழுதுகிறேன். தேதி. குற்றாலத்தில் அருவி எப்படி விழுகிறது. அன்றைக்கு நான் படித்தது என்ன. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட யாரையாவது கேட்டு அருவியை எழுதியிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு படிப்பில் பங்குச்சந்தையும் சேர்ந்துகொண்டது. அதிலும் சுரங்க நிறுவனங்கள். துணிக்கடை வைத்திருக்கிற நிறுவனமென்றால் கடைக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்துவிடலாம். மண்ணுக்கடியில் எவ்வளவு தாது கிடக்கிறது என்பதை நீங்களோ நானோ எப்படிப் பார்ப்பது? ஆகவே நான் ஒரு முறை வைத்திருந்தேன். மூன்று மாதத்துக்கொருமுறை நிறுவனங்கள் பங்குதாரர் விவரத்தை வெளியிடும். அதில் நிறுவன முதலீட்டாளர்கள், அதாவது தனி ஆட்களாக இல்லாமல் பெரிய அமைப்புகளாகப் பணம் போடுகிறவர்கள், கையில் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். நிலவியல் படித்த ஆட்களைச் சுரங்கத்துக்கே அனுப்பிப் பார்க்க வசதியுள்ளவர்கள் அவர்கள். அந்த வரி ஏறினால் அவர்கள் எதையோ பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்தான் நமக்குக் கண். இதுதான் என் முறை.

முறையில் பெரிய பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிழை வேறு இடத்தில்…

மாரியப்பன் என் நண்பர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அவரும் சாரல் காலத்தில் தினமும் காலையில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம். அந்த வருடம் ஆனியில் அவர் அச்சன்புதூரில் இருந்த வயலை விற்றார். மகள் கோமதிக்கு வீட்டுமனை வாங்குவதற்காக. மருமகன் வெளிநாட்டில். கோமதி இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்தாள். நான்கு வருடத்தில் மூன்று வீடு மாறியிருந்தாள். பார்த்து வைத்த மனை என் வீட்டுக்கு நேர் எதிரே. மனையின் சொந்தக்காரர் தைமாதம் ஊருக்கு வரும்போதுதான் கையெழுத்துப் போட முடியும் என்று சொல்லியிருந்தார்.

ஆக, ஆறு மாதம் பணம் சும்மா இருந்தது. "சும்மாவா கிடக்கணும்?" என்று கேட்டவன் நான்.

ஆடி பிறந்த முதல் வியாழக்கிழமை. நான் கவனித்து வந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் காலாண்டு விவரம் வந்திருந்தது. நிறுவன முதலீட்டாளர்களின் பங்கு முந்தைய காலாண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளித்துவிட்டு டீக்கடையில் நிற்கும்போது சொன்னேன். வழக்கமாக என் நோட்டைக் கிண்டல் செய்கிற கூட்டம் அது.

"அருவியில தண்ணி விழுந்தா நோட்டுல எழுதுதீரு, சரி. விழலன்னாலும் எழுதுதீரே, அது என்னத்துக்குவே?" என்று அன்றைக்கும் ஒருவர் ஆரம்பித்தார்.

மாரியப்பன்தான் அவரை மடக்கினார். "நீரு சும்மா இரும். போன வருசம் சாரல் என்னைக்குத் தொடங்கிச்சுன்னு உமக்குத் தெரியுமா? இவரக் கேளும். இவரு நோட்டுல இருந்தா அது இருக்கும். இவரு சொன்ன பங்கைத்தான் நான் வாங்கப் போறேன், போதுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் நிறுவனத்தின் பெயரைத் திரும்பக் கேட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

மறுநாள் வெள்ளி. மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த விவரத்தை முழுதாகப் படித்தேன். மொத்தச் சதவீதத்துக்குக் கீழே பிரிவுகள் இருக்கும்: மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு, வங்கி, வெளிநாட்டு முதலீட்டாளர். மியூச்சுவல் ஃபண்டு வரியில் இருந்தது குறைந்திருந்தது. ஏறியது முழுவதும் வங்கி வரியில். நிறுவனத்தின் அறிவிப்புகளில் தேடியதும் காரணம் கிடைத்தது. கொடுத்த கடன் திரும்பி வராததால், வங்கிகள் அதற்குப் பதிலாகப் பங்குகளை எடுத்துக்கொண்டிருந்தன.

யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. எந்த நிலவியலாளரும் எங்கும் போய்ப் பார்க்கவில்லை. விலை கொஞ்சம் ஏறினால் விற்றுவிட்டு வெளியேறக் காத்திருப்பவர்களை நான் கண் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். தேதி எழுதினேன். அருவி: ஐந்து கிளையிலும் நல்ல தண்ணீர். அடுத்து, 'படித்தது' என்று எழுதி நிறுத்தினேன். அதற்கு மேல் எழுதவில்லை.

மாரியப்பன் வீடு என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தொலைபேசி மேசையிலேயே இருந்தது.

சனிக்கிழமை அருவியில் துண்டைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார்: "திங்கக்கிழமை வாங்கிரலாம்லா?"

"உம்ம இஷ்டம்வே."

"என் இஷ்டம்னா நான் எதுக்கு உம்மகிட்ட கேக்கேன்? உம்ம நோட்டு என்ன சொல்லுது?"

"நோட்டுல இருக்கது அதேதான்."

நான் சொன்னது பொய்யா? நோட்டில் வியாழக்கிழமைச் சதவீதம் அப்படியேதான் இருந்தது. வங்கிகள் உள்ளே வந்துவிட்டதால் நிறுவனத்தை விழவிட மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தை நான் நம்பினேனா…? நம்பியிருந்தால் வெள்ளிக்கிழமை வரியை நிரப்பியிருப்பேன். உண்மை சிறியது. டீக்கடையில் ஒருமுறை என்னை நம்பினார்கள். இரண்டே நாளில் அங்கே போய், தவறாகப் படித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக ஒரு மனிதனின் வயலை விட்டுக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவர் வாங்கினார். ஆவணி பாதிவரை விலை ஏறியது. பிறகு வங்கிகள் விற்கத் தொடங்கின. புரட்டாசியில் விலை பாதிக்கும் கீழே வந்தபோது நான் அவரைத் தேடிப் போனேன். "இன்னைக்குத்தான்வே முழுசாப் படிச்சேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், உண்மையில் என்றைக்குப் படித்தேன் என்பதைத் தவிர.

அவர் கோபப்படவில்லை. "உமக்கே இன்னைக்குத்தான் தெரியுதுன்னா, எனக்கு எங்கன தெரியப்போவுது?" என்றார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். படித்தது: சுரங்க நிறுவனத்தின் பங்குதாரர் விவரம், முழுமையாக. ஏறியது வங்கிகளின் பங்கு என்று இன்று அறிந்தேன்.

அத்தனை வருட நோட்டுகளில் அது ஒன்றுதான் பொய்ப் பதிவு.

தையில் மனை கைவிட்டுப்போயிற்று. மிஞ்சிய பணம் மனைக்கு முன்பணம் கொடுக்கத்தான் காணும். வீட்டில் பேச்சு முற்றியிருக்க வேண்டும். ஒருநாள் மாரியப்பன் கோமதியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த நோட்டக் கொஞ்சம் இவகிட்ட காட்டும். மாப்பிள்ள போன்ல, உங்கப்பா சூதாடிட்டாருன்னு சொல்லுதாராம். நான் எழுத்துல இருந்ததப் பாத்துத்தான் போட்டேன்னு இவளாவது தெரிஞ்சிக்கிடட்டும்."

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கோமதி ஒரு பள்ளியில் ஆசிரியை. நோட்டுத் திருத்திப் பழகிய கை. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து வரி வரியாக விரலை இறக்கிக்கொண்டே போனாள். புரட்டாசிப் பக்கத்தைப் படித்தாள். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் முகம் தெளிந்தது. அத்தோடு மூடியிருக்கலாம். அவள் பின்னால் புரட்டி ஆடிக்குப் போனாள்.

"மாமா, இந்த வெள்ளிக்கிழமை மட்டும் 'படித்தது'க்கு நேரா ஒண்ணும் எழுதலியே. அன்னைக்கு நீங்க ஒண்ணுமே படிக்கலியா?"

"இல்லம்மா."

அவள் விரல் அங்கேயே இருந்தது. முன் பக்கத்தைப் பார்த்தாள், அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். மற்ற எல்லா நாட்களும் நிரம்பியிருந்தன.

"நீங்களா?" என்றாள்.

"ஒருநாள் மேலுக்கு முடியாம இருந்திருக்கும்ட்டி. மனுசன்தான அவரும்" என்றார் மாரியப்பன்.

கோமதி நோட்டை மூடி என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை.

மாரியப்பன் இன்றும் என்னோடு ஐந்தருவிக்கு வருகிறார். எதிர்மனையில் வேறு யாரோ வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். காலையில் அவர் என்னை அழைக்க வரும்போது அந்தக் கேட்டின் முன்னால்தான் வண்டியை நிறுத்துகிறார். நான் இப்போது சதவீதத்துக்குக் கீழே யார், எதனால் வாங்கினார்கள் என்றும் எழுதுகிறேன். ஒரு காலாண்டுகூடத் தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே இரண்டு வரி இடம் இருக்கிறது. எழுதப் போதுமான இடம்தான். இன்று காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்து தேதி போட்டேன். அருவி: மெலிந்த தண்ணீர், மூன்று கிளை மட்டும்.