எனக்குப் பிரஷர் இல்லை

இருதுருவ மனநோய் என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே என் வீட்டார் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பிரஷர். அடுத்த வீட்டுக்குப் பிரஷர், சந்திக் கடைக்குப் பிரஷர், தங்கைக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த எத்தாளை ஊர்க் குடும்பத்துக்கும் பிரஷர்.

"பைத்தியத்துக்கு மருந்து குடிக்கிற புள்ள வீட்டுல இரிக்கு எண்டு தெரிஞ்சா யாரு வருவான்?" என்றார் நானா. எங்களுக்கு மூத்த சகோதரர். வாப்பா மௌத்தாகி இல்லாமல் போன பிறகு வீட்டில் முடிவு சொல்பவர். கற்பிட்டியில் மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருக்கிறார்.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலை பார்த்தவள். நித்திரையில்லாமல், களைப்பும் தெரியாமல், முழுப் பத்திரிகையையும் தனியே எழுதிவிடலாம் என்று நம்பி ஆசிரியரோடு சண்டை பிடித்தேன். பிறகு கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தேன். ஊருக்குக் கூட்டிவந்தார்கள். மருத்துவர் எழுதித் தந்த லித்தியம் மாத்திரையை விழுங்க எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. வேலைக்குத் திரும்புவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பக்கத்து அறையில் நான் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மருத்துவர் மருந்தின் விதிகளை நானாவிடம் விளக்கியிருக்கிறார். நோயாளி நான். விளக்கம் அவருக்கு. வெளியே வந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி நல்லாக் குடிக்கணுமாம். பயப்புட ஒண்டுமில்ல." மருந்தோடு வந்த தாளை வாசிக்கப் பார்த்தேன். அந்த நாட்களில் இரண்டாவது வரியிலேயே எழுத்துகள் கலைந்துவிடும்.

பிரஷர் என்று சொல்லிவிட்டால் பிரஷர்காரியைப் போலச் சாப்பிடவும் வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் சட்டியில் என்ன வேகிறது என்பது ஒழுங்கை முழுக்கத் தெரியும். உம்மா எனக்கென்று தனிச் சட்டி வைத்தார். உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கீரை. "மருந்து எண்டா பத்தியம் வேணும் மகள், இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். அவருக்கு வேறெதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. வீட்டின் பின்னால் நானாவின் உப்பு மூட்டைகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன.

எத்தாளையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா, எங்களுக்கு மாமி, அடிக்கடி வருவார். என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். "எங்கூட்டு மனிசனும் இப்பிடித்தான் புள்ள. கடலுக்குள்ள இறங்கினாலும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இறங்குவாரு, உப்பு பட்டுருமாம்."

முதலில் விரல்கள் நடுங்கின. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. வாந்தி எடுத்தேன், வயிற்றால் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சொற்கள் குழறின.

"மருந்து ஒத்துக்கல்ல. நிப்பாட்டுவம்" என்றார் நானா. தங்கை முச்சக்கரவண்டியைக் கூப்பிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள். நானாவும் வந்து ஏறிக்கொண்டார்.

இரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி.

"உப்பில்லாமச் சாப்பிடுறன் டொக்டர்."

அவர் நானாவைப் பார்த்தார். "உப்பைக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம் எண்டு உங்களுக்குத்தானே சொன்னேன்?"

நானா தரையைப் பார்த்தார். "வீட்டுக்கு ஆக்கள் வந்து போறாங்க டொக்டர்."

அதுதான் அவர் சொன்ன காரணம். முழுவதும் அதுதான். உடம்பில் உப்புக் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தேங்கும், தேங்கினால் நஞ்சாகும் என்று மருத்துவர் மறுபடி விளக்கினார். இம்முறை என் முகத்தைப் பார்த்து. என்னை வார்டில் வைத்து, மருந்தை நிறுத்தி, சேலைன் ஏற்றினார்கள். அளவு இறங்கிய பிறகு குறைத்துத் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நானா சொன்னார்: "இதோட விடு. இந்த நஞ்சு நமக்கு வேணாம்."

"நஞ்சு மருந்துல இருக்கல்ல நானா."

அடுத்த முறை எத்தாளை மாமி வந்தபோது பகல் சாப்பாட்டுக்கு உம்மா மறுபடியும் அந்தத் தனிச் சட்டியைக் கொண்டுவந்தார். இப்போது அவருக்கும் விஷயம் தெரியும். காதோடு சொன்னார்: "இண்டைக்கு மட்டும் மகள். அவ போனதும் ஒழுங்காப் போட்டுத் தாறன்."

இன்றைக்கு மட்டும். எல்லோருக்கும் வைத்திருந்த, உப்புப் போட்ட ஆணக் குழம்பை நான் எடுத்து என் சோற்றில் ஊற்றினேன். கருவாட்டுப் பொரியலில் ஒரு துண்டையும் எடுத்தேன்.

"அல்லாஹ்வே, பிரஷருக்குக் கருவாடா?" என்றார் மாமி.

"எனக்குப் பிரஷர் இல்ல மாமி. மனநோய். அதுக்கு மருந்து எடுக்கிறன். உப்பில்லாமச் சாப்பிட்டா அந்த மருந்து என்னைக் கொன்னுபோட்டுரும்."

மாமி என்னை விட்டுவிட்டு உம்மாவைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் எனக்குச் சொன்னது?" மாமி சோற்றை முடித்தார், கை கழுவினார், போனார். எத்தாளையிலிருந்து இன்னும் கதை எதுவும் வரவில்லை. தங்கை என்னோடு வழக்கம்போலப் பேசுகிறாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

ஒரு கிழமை கழித்து ஒருநாள் காலை, நானா வாடிக்குப் போகும் வழியில் குசினி வாசலில் நின்றார். "ஒரு குமருப் புள்ளட வாழ்க்கை. உன்ட கோவத்தால போச்சு."

"நீங்க மறைச்சதால போச்சு. நான் செத்திருந்தாலும் பிரஷர் எண்டுதான் அடக்கியிருப்பீங்க."

அவர் உம்மாவின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, பைத்தியம் திரும்பத் தொடங்கிட்டு. மாத்திரை போட்டாளா இவள்?"

நடுங்காத கையால் அடுப்பிலிருந்த கறிக்கு உப்புப் போட்டேன். "ஓம். போட்டுட்டுத்தான் கதைக்கிறன்" என்றேன்.