கூப்பிடு தூரம்

விடியற்காலையில் சேலத்தில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் மாறி, நாமகிரிப்பேட்டையில் நான் தனியாக இறங்கியபோது ஊரெங்கும் மஞ்சள் வேகும் வாசனை. தை மாதம். என் மனைவி நல்லம்மாளை ஃபேர்லேண்ட்ஸ் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இதயத்தில் ஆபரேஷன் ஆனவள். பிழைத்து எழுந்தால் மலைமேல் இருக்கும் முருகனை நடந்தே வந்து பார்ப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மதராஸில் அவளுக்கு வைத்தியம் செய்த வங்காளி டாக்டரோ, பாதையை ஆங்கிலத்தில் விவரமாக எழுதி அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவன்தான் நான். ஆனாலும் அவள் ஏறலாமா கூடாதா என்பது என் ஆங்கிலத்தின் கையில் இருப்பது பயமாக இருந்தது.

அடிவாரத்தில் துணைக்குக் கிடைத்தவர் செல்லப்பன், கோயில் கடைக்குச் சாமான் சுமக்கிறவர். முதலில் புளியமர நிழலில் மண்பாதை. பிறகு உருட்டுக்கல். அப்புறம் மரவேர்களே படியாக வளர்ந்த ஏற்றம். இதை 'ஸ்டீப்' என்று எழுதினால் டாக்டர் பயந்துவிடுவார். 'ஜென்டில்' என்று எழுதினால் நான் பொய்யன். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று செல்லப்பனைக் கேட்டேன்.

"ஒரு கூப்பிடு தூரந்தானுங்க."

அதைக் கடந்ததும் மறுபடி கேட்டேன். மறுபடியும் ஒரு கூப்பிடு தூரம்தான். மலை முடியும்வரை அவரிடம் வேறு அளவே இல்லை. வீடு திரும்பி எழுத உட்கார்ந்தபோது எனக்கும் வேறு அளவு அகப்படவில்லை. 'காலிங் டிஸ்டன்ஸ்' என்று அப்படியே போட்டு, இலக்கணப் பிழைக்கு என் மாணவனைக் கண்டிக்கும் அதே கையால் தபாலில் சேர்த்தேன்.

டாக்டருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு கூப்பிடு தூரம் முன்னால் நீங்கள் போய் நில்லுங்கள், உங்கள் மனைவி உங்களை உரக்கக் கூப்பிடட்டும், மூச்சிரைக்காமல் கூப்பிட முடிந்தால் மட்டும் மேலே ஏறலாம், இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்று பதில் எழுதினார்.

மாசியில் இருவருமாகப் போனோம். எங்கள் பக்கத்தில் மனைவி கணவன் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "ஏனுங்க!" என்று கீழேயிருந்து அவள் குரல் கொடுக்க, முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கை காட்டினேன். குரல் தெளிவாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கோயில் மணி காதில் விழும் வளைவில் நின்று காத்திருந்தேன். குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். வரவில்லை. செருப்பை உதறிவிட்டுக் கீழே ஓடினேன்.

ஒரு பாறையில் சாவகாசமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பே இல்லை.

"ஏன் கூப்பிடவில்லை?" என்றேன்.

"ஊட்டுல நாலு தரம் கூப்பிட்டாலும் பேப்பர விட்டுத் தலய நிமித்த மாட்டீங்க. இன்னிக்குக் கூப்புடாமயே வாரீங்களான்னு பாத்தனுங்க."

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கண்தான் நிறைந்தது.

அன்றிரவே டாக்டருக்கு என் ஆங்கிலத்தில் எழுதினேன்: கடைசிக் கூப்பிடு தூரத்தை, யாரும் யாரையும் கூப்பிடாமல், சேர்ந்தே நடந்தோம்.