கம்பவுண்டர் சொன்ன புதுத்துணி

ஓசூர் கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் மருந்துக்கடை வைத்திருந்தார். வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வழியும் வகிடு. யார் பேசினாலும் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்துவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

எனக்கு ஊர் பக்கத்தில் உத்தனப்பள்ளி. என் மகள் பிறந்து எட்டு நாள். நான் நாலாவதோடு படிப்பை விட்டவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். என் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குக் கட்டலாமா என்று அவரைக் கேட்கப் போனேன்.

கையைக் காட்டினார். "பழந்துணியா? உத்தனப்பள்ளியில கிருமிக்கு வீடு கட்டித் தரியாப்பா? புது மல்லுத்துணி வாங்கு. தண்ணில கிண்ணில போட்டுடாத, அதோட சுத்தம் போயிடும்."

அப்படியே செய்தேன். கஞ்சி மொடமொடப்பு போகாத அந்தத் துணி இரண்டே நாளில் பிள்ளையின் தொடையை அறுத்துப் புண்ணாக்கிவிட்டது. ஈரம் பட்டாலே வீறிட்டாள், பாலும் குடிக்கவில்லை. கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"உம் பிள்ளைக்குத் தோலு மட்டம்ப்பா" என்றார்.

கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் மனைவிக்கும் அந்த மாதம்தான் பிரசவம். கொல்லைக் கொடியில் நைந்த வேட்டித் துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அது என்னங்க சார்?"

"அது எங்க வூட்டு வழக்கம். நீ வைத்தியம் கேட்டே, சொன்னேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

வீட்டுக்கு வந்ததும் என் வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கட்டினோம். மறுநாள் பிள்ளை பால் குடித்தாள்.

அந்த ஆள் பொய் சொன்னதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. தன் பேச்சை அவர் முழுக்க நம்பினார். தன் பிள்ளையை மட்டும் அதை நம்பி ஒப்படைக்கவில்லை.