மாமாவின் சொந்த அளவு

என் அக்காள் புருஷன் வேங்கடாசலத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். நானே அவரைக் கிண்டல் செய்வேன், அது வேறு. மச்சானுக்கு அந்த உரிமை உண்டு. நகரிப் பக்கம் கரும்பும் நெல்லும் விளைத்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சித்தூரில் ஓர் இன்ஜினீயர் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் அட்டெண்டராக இருந்தார். பைல் தூக்கினார், டீ வாங்கினார், மணி அடித்தால் ஓடினார். எல்லா அட்டெண்டரும் செய்வதுதான். ஆனால் ஆண்களுக்குத் துணி எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ளச் சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவிலும் ஆள் கிடையாது. இதை நான் எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்.

ஆரம்பித்து வைத்தவர் அப்போதைய பெரிய அதிகாரி கோவர்த்தன் சார். ஏதோ ஒரு தீபாவளிக்கு, வெள்ளைச் சட்டைத் துணி வாங்கி வரச் சொல்லி மாமாவை அனுப்பினார். வந்த துணியைத் தடவிப் பார்த்த மனுஷன், அன்றோடு கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். சட்டை, பேன்ட், மகள் கல்யாணத்துக்குக் கோட்டு, எல்லாவற்றுக்கும் மாமாதான். ரிட்டயராகித் திருப்பதியில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் போன் வரும், மாமா பஸ் ஏறுவார். பின்னால் வந்த அதிகாரிகளும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் துணி எடுப்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டையும் பட்டுக்கரை வேட்டியும் என்றால் சித்தூர் சர்ச் தெரு. அதுவும் காலையில்தான் போவார், வெயில் சாய்ந்தால் வெள்ளையில் பழுப்பு தெரியாது என்பார். கோட்டுத் துணி என்றால் திருப்பதி காந்தி ரோட்டில் ரங்கையாவின் கடை. பொம்மைக்கு மாட்டியிருப்பதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். துணியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சூரிய வெளிச்சத்தில் பிடிப்பார். மறுபக்கம் திருப்புவார். ஓரத்தைக் கைக்குள் வைத்துக் கசக்கி, பத்து எண்ணி விட்டுவிட்டு, சுருக்கம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். போகாவிட்டால் அடுத்த கட்டு. இவ்வளவு வியாபாரம் கொண்டுவந்த ஆள், ஒரு கைக்குட்டை கூட எந்தக் கடையிலும் இனாமாக வாங்கியதில்லை. ஸ்ரீ சிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர் என்று பந்தாவாகத் திரிகிற நான், போனில் படம் பார்த்துச் சட்டை வாங்கி, தொளதொளவென்று போட்டுக்கொண்டு அலைகிறவன். அவர் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

இத்தனைக்கும் அவர் உடம்பில் இருந்ததெல்லாம் ஆபீசில் கொடுத்த யூனிஃபார்ம் துணியும், அதிகாரிகள் பண்டிகைக்குக் கொடுத்ததும். அதைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, ஒரு பழைய சட்டையை அளவுக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

அறுபத்திரண்டு வயதாகி ரிட்டயராகும் மாதம் வந்தது. கடைசி நாள் ஆபீஸ் ஹாலில் பாராட்டு விழா, மேடையில் நாற்காலி, தலைமை கோவர்த்தன் சார். அன்றைக்கு ஒருநாள் கோட்டுப் போட்டு மேடையில் உட்கார வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. இதைச் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. என் அக்காள் சுலோசனாவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரங்கையா கடைக்கு அழைத்துப் போனேன்.

ஒரு மணி நேரம் வாசலுக்கும் கடைக்கும் நடந்து, கருநீலத்தில் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தார். ரங்கையா நோட்டைத் திறந்தார். எத்தனையோ வருடமாக அங்கே நடப்பதுதான்: மாமா மனப்பாடமாகச் சொல்வார், ரங்கையா எழுதிக்கொள்வார். மார்பு நாற்பத்திரண்டு, தோள் பத்தொன்பது, கை இருபத்தைந்து. அன்றும் அப்படியே சொன்னார், அவரும் அப்படியே எழுதினார். நான் பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டு நின்றேன். மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு கோட்டு வந்தது. மாமா மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது, விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. அக்காள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்ன அளவு கொடுத்தாய் என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல, பாதியிலேயே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அது கோவர்த்தன் சாரின் அளவு. ஏழு அதிகாரிகளின் கழுத்தும் கையும் தெரிந்தவருக்குத் தன் அளவு தெரியாது.

அக்காளுக்கு வந்ததே கோபம். "முப்பத்தஞ்சு வருசமா அவங்க உடம்பையே தூக்கிக்கினு சுத்திக்கினு இருந்திருக்க. உன் உடம்பு இன்னா அளவுன்னு உனக்கே தெரியல" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மாமா கோட்டைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தார். "அட்டெண்டருக்கு எதுக்குடா கோட்டு. வெள்ளச் சட்டையிலயே போறேன்" என்றார். சாந்தமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் நாளில் வெறும் ஆளாக உட்காருவதா? லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலையே அவரையும் பையையும் பஸ்ஸில் ஏற்றினேன். வழி நெடுக அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரங்கையா விஷயம் கேட்டதும் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தார். தப்பு தன்னுடையது என்றார். பெரிதாகத் தைத்ததால் பிழைத்தோம், பிரித்துக் குறைக்கலாம் என்றார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, பையனைக் கூப்பிடாமல் தானே வந்து மாமாவின் எதிரில் நின்றார். மாமாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோவிலில் அர்ச்சனைக்கு நிற்பதுபோல விறைத்து நின்றார். மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை, கை இருபத்து மூன்று. ரங்கையா ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னார். நோட்டில் புதுப் பக்கம் திறந்து, மேலே மாமாவின் பெயரை எழுதினார். மாமா அந்தப் பக்கத்தைக் குனிந்து இரண்டு தரம் படித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் அந்த மூன்று எண்களையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

விழாவன்று அவர் ஹாலுக்குள் நுழைந்தபோது நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கருநீலக் கோட்டு, கிரீம் கலர் சட்டை, நேராக வாரிய நரைமுடி. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. புதிதாக வந்த கிளார்க் பெண் ஒருத்தி, வந்திருக்கும் அதிகாரி யார் என்று பக்கத்தில் கேட்டாள். எனக்குக் காது குளிர்ந்தது. சால்வை போர்த்தினார்கள். மாமா கும்பிட்டு வாங்கிக்கொண்டு, உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோட்டை மறைக்க விடுவாரா? எனக்கு இருந்த பெருமையில் கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. அக்காள் என் தொடையில் கிள்ளிய பிறகே நிறுத்தினேன்.

பேச்செல்லாம் முடிந்து வடையும் காபியும் வந்த நேரத்தில், கோவர்த்தன் சார் மாமாவின் கைப்பக்கம் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அருமை என்றார், எங்கே எடுத்தாய் என்றார். பழக்கதோஷம், அடுத்த வாரம் தனக்கும் இதே போல் ஒன்று எடுத்து வரச் சொன்னார். அளவுதான் உனக்குத் தெரியுமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன். முப்பத்தைந்து வருடமாக இதற்கு அவர் சொன்னது ஒரே பதில்தான்.

மாமா கோட்டின் உள்பையிலிருந்து பேனாவை எடுத்தார். விழா அழைப்பிதழின் பின்புறத்தில் ரங்கையாவின் கடைப் பெயரையும் போன் நம்பரையும் நிதானமாக எழுதினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"காத்தால போங்க சார், வெளிச்சம் நல்லா இருக்கும். அளவு மட்டும் அவங்கவங்க போய் நின்னுதான் குடுக்கணும்" என்று தெலுங்கில் சொன்னார்.

கோவர்த்தன் சார் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, அந்தத் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டையும் மாமா எடுத்துக் கொடுத்ததுதான்.