விடுப்பில் இருந்த பெரியப்பா

ஜூன் மாதம் பாதி கழிந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கதவைப் பூட்டினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். மாத்திரைகளைக் கொட்டி எண்ணுவேன். எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து மறுபடி எண்ணுவேன். தெற்குக் கடலில் உள்ள எங்கள் தீவில் ஜூன் குளிர்காலம். குளிருக்கு மூட்டுவலி, அதனால்தான் இந்த அலைச்சல் என்கிறாள் மகள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கான் தெ மாஸ்க் என்ற எங்கள் ஊரில் ஒரு ஜூன் காலையில் நடந்தது.

எங்கள் ஊரிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள் துப்பாக்கியைவிட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடித்தார்கள். கரும்புத் தோட்டத்தில் செய்த வேலையையே வட ஆப்பிரிக்க மணலில் செய்தார்கள். பள்ளம் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், மூட்டை தூக்கினார்கள். ஒரு விடியற்காலை, தேநீருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, யாரும் எதிர்பாராத தாக்குதல் அவர்கள் முகாமின்மேல் விழுந்தது. சிலர் அங்கேயே மாண்டார்கள், சிலர் சிறைப்பட்டார்கள். பிழைத்துத் திரும்பியவர்களில் ஒருவர் என் மாமா, அம்மாவின் தம்பி. திரும்பாதவர்களில் ஒருவர் அம்மாவின் அக்காள் கணவர், என் பெரியப்பா. அவரைக் காணவில்லை என்று மட்டும் அரசாங்கம் எழுதியதாம்.

காணாமல் போனவருக்காக யாராவது தாலியைக் கழற்றுவார்களா? எங்கள் வீட்டிலேயே இருந்த பெரியம்மா கழற்றவில்லை. பிள்ளையும் இல்லாத அவளுக்கு அந்தத் தாலியும் நெற்றி நிறையக் குங்குமமுமே குடும்பம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வாய் சும்மா இருக்காது.

"உன் மனுசன் அங்கே அரபிக்காரி சமைச்சுப் போட்டுக் கொழுத்துப்போய்க் கிடக்கான். நீ இங்கே பொட்டு வச்சுக்கிட்டுத் திரி."

"கொழுக்கட்டுமே," என்பாள் பெரியம்மா, வாளியைத் தூக்கிக்கொண்டே. "ஒல்லியாத்தான் போனாரு."

தாக்குதல் நடந்த நாள் வருஷந்தோறும் வரும். அன்று காலையில் பெரியம்மா கோயிலில் கணவர் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஆனால் கணவர் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். ஆகவே மாமா பக்கத்தில் நிற்பார். பூசாரி கேட்டதும் பெயரையும் நட்சத்திரத்தையும் மாமாதான் சொல்வார். அது முடிந்ததும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, சாலை முனையில் இருக்கும் சிமெண்டுத் தூணுக்குப் போவார். திரும்பி வந்தவர்கள் சேர்ந்து கட்டிய தூண் அது. அங்கே அவர் மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூடி நிற்பவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் பிரெஞ்சில் ஒரே குரலாக, 'போர்க்களத்தில் மாண்டார்' என்பார்கள். பெரியப்பாவின் பெயரை மட்டும் மாமா கூப்பிடவே மாட்டார். கோயிலில் சத்தமாகச் சொன்ன பெயரைத் தூணருகே விழுங்கிவிடுவார். பெரியம்மா தூணுக்கு வந்ததே இல்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், குளிர் மிகுந்த மேட்டு நகரமான கியூர்பிப்பிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற சார்ஜெண்ட் வந்தார். முன்னாள் வீரர்களுக்குப் புதிய தலைவர். அவரும் தமிழர்தான். தாக்குதல் நாளுக்கு முதல் நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"கோப்ரல், உங்க ஊரில் ஒரு பேர் குறையுது. நாளைக்கு நானே கூப்பிடறேன்."

"அவர் செத்ததை யாரும் பார்க்கலை, சார்ஜெண்ட்," என்றார் பட்டாளத்தில் கோப்ரலாக இருந்த மாமா.

"இத்தனை வருஷமா எங்கே இருக்கானாம்? கியூர்பிப்பில் கம்பளிக் கடை வச்சிருக்கானா? நான் அந்தக் கடைக்குத்தான் போறேன், பார்த்ததே இல்லையே!"

அம்மா தேநீரைத் தட்டில் சிந்தினாள். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"நாளைக்கு நானும் தூணுக்கு வர்றேன், தம்பி."

சார்ஜெண்ட் போனதும் வீடு இரண்டுபட்டது. எங்கள் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். தமிழ் கோயிலுக்கும் கோபத்துக்கும் மட்டும். அன்று அம்மா மாமாவிடம் தமிழில் பேசினாள். ஊர் முழுக்கக் கேட்க மாண்டார் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அக்காவின் நெற்றியில் என்ன இருக்கும்? யார் வந்து அவள் வளையலை உடைப்பது, நானா, நீயா?

"எப்படியாவது அவளை நிறுத்துடா."

"அக்காவையா? மழையை நிறுத்தச் சொல்லு, செய்றேன்."

மழையும் நிற்கவில்லை. மறுநாள் கோயிலிலிருந்து நேராக, தூறலில், நாங்கள் தூணுக்குப் போனோம். பெரியம்மா சிவப்புச் சேலையில் முன்வரிசையில் நின்றாள். குடை வேண்டாம் என்றுவிட்டாள். நான் குடைகளை எண்ணத் தொடங்கி, யாரோ நகர, கணக்குத் தவறி, மறுபடி எண்ணினேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள்.

சார்ஜெண்ட் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பெயர், மாண்டார். இன்னொரு பெயர், மாண்டார். அவர் எந்த வரிசையில் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவின் விரல்கள் என் தோளில் இறங்கி, அது வேறு யாருடையதோ என்று தெரிந்ததும் தளர்ந்தன. இனிமேல் வராது என்று நான் நினைத்தபோது வந்தது. பெரியப்பாவின் பெயர், அவர் அப்பாவின் பெயரோடு சேர்த்து.

பதில் சொல்ல வாய்கள் திறந்தன. அதற்குள் மாமா வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து, குதிகாலைச் சேர்த்து, சல்யூட் அடித்தார்.

"ஆன் கோன்ஜே, சேர்ஜான்!"

விடுப்பில் இருக்கிறார், சார்ஜெண்ட். முகாமில் காலையில் ஆளெண்ணும்போது, வராதவனுக்காகத் தோழன் அப்படிப் பதில் சொல்வது வழக்கமாம். ஆஸ்பத்திரி என்றோ, காவல் என்றோ, விடுப்பு என்றோ சொல்ல வேண்டும். பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். மற்றவர்களின் வாய்கள் மூடிக்கொண்டன.

சார்ஜெண்ட் மாமாவைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். தூறலில் அவள் குங்குமம் கரைந்து மூக்கின்மேல் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"எத்தனை நாள் விடுப்பு, கோப்ரல்?"

"எனக்குச் சொல்லலை, சார்ஜெண்ட்."

"ம். திரும்பி வந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பதில் சொன்னார்கள். அம்மா என் தோளை விட்டாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். விடுப்பு என்றால் கடற்கரைக்குப் போவது. பெல் மார் கடற்கரையில் போய்ப் பார்த்தால் பெரியப்பா கிடைப்பார் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மாமா உள்ளே வரவில்லை. பதக்கங்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொல்லையில் வாழைக்குப் பின்னால் போய், தெற்கே பார்த்துக் குந்தினார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாவே அடுக்களையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். மூடியிருந்த மறு கையைத் திறந்து, அவர் உள்ளங்கையில் கறுப்பு எள்ளைப் போட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளே போய்க் கண்ணாடிமுன் நின்று குங்குமத்தைப் புதிதாக வைத்துக்கொண்டாள். மாமா எள்ளின்மேல் தண்ணீரை ஊற்றினார். கட்டைவிரல் வழியாக அது மண்ணில் இறங்கியது.

"என்ன மாமா, விதைக்கிறீங்களா?"

"ஆமாம்டா," என்றார்.

கோழி கிளறிவிடக் கூடாதே என்று அந்த இடத்தைச் சுற்றிக் குச்சிகளை நட்டு வேலி கட்டினேன். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தலைகாட்டவில்லை. பொறுமை இழந்து ஒரு நாள் பெரியம்மாவிடம் புகார் சொன்னேன், மாமாவுக்கு விதைக்கவே தெரியவில்லை என்று.

"அடுத்த வருஷமும் போடுவான்," என்றாள் அவள். "நீ பார்த்துக்கிட்டே இரு."

நானும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.