டெய்சி மாற்றாத கழித்தல் குறி

கோட்டாறு சந்தையில் மட்டிப்பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளர் பேசினார். "மேடம், நம்ம டெய்சி மேடம் போயிட்டாவ." நெஞ்சுவலியாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அவளோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அவளுடைய உலகமே அலைகள்தான். ஒளியின் மின்புலம் வலமாகவோ இடமாகவோ சுழன்றபடி போகலாம். சங்கைப் போல உள்ளமைப்பிலேயே ஒரு பக்கம் முறுக்கிய பொருளுக்குள் இந்த இருவகை ஒளியும் வெவ்வேறு வேகத்தில் போகும். அந்த முறுக்கு இடத்துக்கு இடம் மாறினால், சாய்வாக நுழையும் அலையில் இரண்டும் கலந்துவிடும். எவ்வளவு கலக்கும் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

வகுப்புக்கு ஒரு சங்கைக் கொண்டுவருவாள். "இத எப்பிடித் திருப்பினாலும் இடம்புரி இடம்புரிதான். ஆனா அலை சுத்துகத முன்னால நின்னு பாத்தா வலம், பின்னால நின்னு பாத்தா இடம். நீ எங்க நிக்கியன்னு மொதல்ல சொல்லு மக்கா."

அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் நானும் இருந்தேன். வெளியூர்த் தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, ஒரு சமன்பாட்டில் இருந்த கழித்தல் குறி தப்பு என்றார். பார்க்கும் பக்கம் மாறினால் அந்தக் குறியும் மாறும். அவர் அலையை எதிரே நின்று பார்த்தார். இவள் பின்னால் நின்று பார்த்து எழுதியிருந்தாள், அதை முதல் பக்கத்திலேயே சொல்லியும் இருந்தாள்.

"சார், நீங்க நிக்க பக்கம் வேற."

"உனக்கு இடது வலதே தெரியலியேம்மா" என்று அவர் சிரித்தார். அவளுடைய வழிகாட்டியான எங்கள் துறைத்தலைவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவள் சொன்னது சரியென்று அவருக்கு நன்றாகத் தெரியும்! வெளியே வந்ததும், "மாத்திக் குடுத்துட்டு பட்டத்த வாங்கிக்கோயேன்" என்றார்.

"அந்த ஒண்ண மட்டும் மாத்துனா முடிவே பொய்யாயிரும் சார். மாத்த மாட்டேன்."

பட்டம் வரவில்லை. கடைசிவரை தற்காலிக விரிவுரையாளர்தான்.

கல்லூரியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனால் வாசலில் பேனர். 'முனைவர் டெய்சி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' கீழே அந்தத் துறைத்தலைவரின் படம், அவள் படத்தைவிடப் பெரிதாக. என்ன நெஞ்சழுத்தம்!

என் கையில் மைக் வந்தபோது அவரைப் பார்த்தே சொன்னேன். "சார், அவ முனைவர் இல்ல. பட்டத்துக்காக அவ பொய் எழுதல. அவ செத்தபொறவு நீங்க எழுதுதீங்க."

மைக்கை அணைத்தார்கள். 'மாத்த மாட்டேன்' என்ற அவளுடைய சொல் என்னிடம் இருக்கிறது. அதற்கு மைக் வேண்டாம்.